இடப்பக்கத்து ஆள்

கண்ணைச் சுற்றித் துணியைக் கட்டி முடித்ததும் பிரமநாயகத்துக்கு முதலில் தெரிந்தது அதன் கஞ்சி வாடைதான். வள்ளியூர் ஜவுளிக்கடையில் கறுப்பு லைனிங் துணி வாங்கி, நனைக்காமல்கூட நீளநீளமாகக் கிழித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். புதுத்துணியின் மொடமொடப்பு புருவத்தில் உரசியது. இதே வாடை திருநெல்வேலியில் ஸ்கேன் எடுக்கிற இடத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்ன பச்சை அங்கியிலும் இருந்தது. அதை இப்போது நினைக்க வேண்டாம் என்று நினைத்தார். நினைக்க வேண்டாம் என்றதுமே அந்த அறையின் குளிர், தலையைச் சுற்றி யாரோ தகரத்தைத் தட்டுவது போன்ற அந்தச் சத்தம், அசையாதீங்க சார் என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து வந்த குரல் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வெளியே ஆடிக்காற்று. கல்லூரியைச் சுற்றி நாலு திசையிலும் காற்றாலைகள். கண் திறந்திருக்கும்போது அவை சத்தம் போடுவதே தெரியாது, இப்போது ஒவ்வொரு இறக்கையும் கீழே இறங்கும்போது யாரோ பெருமூச்சு விடுவது போலக் கேட்டது. மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் பிள்ளைகள் பெஞ்சுகளுக்கு நடுவே தட்டுத்தடுமாறி ஒருவர்மேல் ஒருவர் இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்குக் கண்ணில் துணி, மீதிப் பேர் வழிகாட்டிகள். பாடத்திட்டத்தில் புதிதாக நுழைந்திருந்த ‘அனைவருக்குமான வடிவமைப்பு’ என்ற பகுதியை யார் எடுப்பது என்று துறைக்கூட்டத்தில் பேச்சு வந்தபோது எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பராமரிப்பு மேலாண்மை எடுக்கிற பிரமநாயகம் சாருக்குத்தான் தொழிற்சாலை அனுபவம் உண்டு என்று சொல்லி அதை அவர் தலையில் கட்டினார்கள். அவரும் மறுக்கவில்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று யாராவது கேட்பதுதான் இந்த இரண்டு மாதமாக அவருக்குப் பெரிய பயம்.

பயிற்சி நடத்த வந்திருந்தவள் ஜெபகனி. பாளையங்கோட்டையில் வங்கி அதிகாரி. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போனவள். காலையில் கல்லூரி வாசலில் வண்டிகளை மறிக்கக் கட்டியிருந்த இரும்புச் சங்கிலியில் முழங்கால் இடித்ததை அவள் இன்னும் மன்னிக்கவில்லை; பேச்சுக்கு நடுநடுவே அந்தச் சங்கிலிக்கு வந்துவிடுவாள். மதியச் சாப்பாட்டில் ரசம் ஆறிப்போயிருந்ததையும் சொன்னாள். பயிற்சி இதுதான்: துணி கட்டியவர்கள் இந்த வகுப்பிலிருந்து புறப்பட்டு, நீளத் தாழ்வாரம் வழியாக முற்றத்தைக் கடந்து, ஒர்க் ஷாப் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். வழிகாட்டி முழங்கையைப் பிடித்துக்கொள்ளலாம், பேசக் கூடாது, ஆபத்து வந்தால்தான் வாயைத் திறக்கலாம். ஆசிரியரும் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகள் கேட்க, அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். தனக்கு யார் வழிகாட்டி என்று விசாரித்தார். ஜெபகனி கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதச் சொல்லமாட்டேன் சார். யாரு கையப் புடிச்சிருக்கான்னு தெரியாமத்தான் நாங்க பாதி ரோட்டக் கடக்கோம்” என்றாள்.

அவர் வாசல் நிலையைத் தடவித் தாண்டியபோது அந்தக் கை வந்தது. இடது முழங்கையில், சட்டைக்கு மேலாக. சில்லென்று, லேசான ஈரத்தோடு. வலது பக்கம் வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார். வலது பக்கம் என்றால் அது வெறும் கை. இடது பக்கம் என்றால் எதுவாகவும் இருக்கலாம். அவர் நடந்தார். காலுக்கடியில் மேடு மேடாக மஞ்சள் ஓடு தட்டுப்பட்டது. பார்வை இல்லாதவர்கள் பாதத்தால் வழி அறிய, ஆய்வுக் கமிட்டி வருகிறது என்று அவசரமாகப் பதித்த ஓடுகள். தாழ்வாரத்தின் நீளம் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தார். இப்போது அது வேறு கட்டடமாக இருந்தது. அலுவலகம் இருக்க வேண்டிய இடத்தில் குளிர்ந்த காற்று வந்தது; குடிதண்ணீர்க் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ தாளைத் திருப்புகிற சத்தம் கேட்டது. மாடிப்படி வந்திருக்க வேண்டுமே, இன்னும் வரவில்லையே, ஒருவேளை கடந்துவிட்டோமா, கடந்திருந்தால் அறிவிப்புப் பலகை வந்திருக்க வேண்டுமே. அறிவிப்புப் பலகை. அங்கேதானே முதன்முதலாகத் தெரிந்தது. ஆனி மாதத்தில் ஒரு காலை, துறை வாசலில் இருந்த பலகையை எதேச்சையாகப் பார்த்தார். ‘மரிப்பு மேலாண்மை’ என்று எழுதியிருந்தது. யாரோ பையன்கள் எழுத்தைச் சுரண்டி விளையாடியிருக்கிறார்கள் என்று கோபத்தோடு கிட்டே போனார். கிட்டே போனபோது ‘பராமரிப்பு’ என்றுதான் இருந்தது, பெயிண்ட்கூடக் கலையாமல். பின்னால் வந்தார். மறுபடி மரிப்பு. ஒரு சொல்லின் தலை உயிரோடு எதிரில் இருந்தும் இல்லாமல் போகிறது. அந்த இடத்தில் கறுப்பாகவோ ஓட்டையாகவோ இருந்தால்கூடப் பரவாயில்லை, சுவரின் வெள்ளை அதுபாட்டுக்கு ஒழுங்காக நிரம்பியிருக்கிறது. எதுவுமே குறையாத ஓர் உலகம், ஆனால் பாதி.

அதற்கு முந்தின வாரம் ஒரு தலைவலி வந்தது உண்மைதான். கண்ணுக்குள் வெல்டிங் பொறி மாதிரி ஒரு கோணல்மாணல் ஒளி அரைமணி நேரம் நெளிந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் எடுத்த பாடம் என்ன என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, சிரிப்பா அது. எந்த மெஷினும் திடீரென்று சாகாது; முதலில் அதிரும், அப்புறம் சத்தம் போடும், அப்புறம் சுடும், கடைசியில்தான் நிற்கும்; அந்த முதல் அதிர்வுக்கும் கடைசி நிற்றலுக்கும் நடுவில் உள்ள காலம்தான் பராமரிப்புக்காரனின் காலம், அதைத் தவறவிட்டவனுக்கு அப்புறம் வேலை இல்லை. ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்த காலத்தில் ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்பார். உள்ளே பேரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். தன் தலையில் எங்கே வைத்துக் கேட்பது. கை இன்னும் முழங்கையில் இருந்தது. இப்போது அது கொஞ்சம் இறுகியிருந்ததோ. காற்றாலை மூச்சு விட்டது. அவர் கண்டிப்பான குரலில், யார் என்று கேட்டார். பதில் இல்லை. பேசக் கூடாது என்பது விதி, அதனால் பதில் இல்லை, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் பேசாமல் இடது பக்கம் நிற்கிற பழக்கம் இன்னொன்றுக்கும் உண்டு.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி டாக்டர் சொன்னது இது: கண் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, பார்க்கிற வேலையைச் செய்கிற இடம் தலையின் பின்பக்கம் இருக்கிறது, அதில் வலது பாதியில் ரத்தம் போகாமல் ஒரு சின்ன இடம் செத்துவிட்டது, அதனால் இடது பக்கத்து உலகம் இரண்டு கண்ணுக்குமே வராது. திரும்ப வருமா என்று கேட்டதற்கு அவர் படத்தை உறையில் போட்டார். வண்டி ஓட்டக் கூடாது, ஓடுகிற மெஷின்களுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கக் கூடாது, வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார். பிறகு, மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, ஏதோ ஊர் பேர் விசாரிப்பது போல, “அந்தப் பக்கம் எதுவும் தெரியுதா? ஆளுங்க, உருவம், அந்த மாதிரி?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டார் பிரமநாயகம். மூளைக்கு வெற்றிடம் பிடிக்காது, தகவல் வராத இடத்தில் அதுவே ஏதாவது வரைந்துகொள்ளும், நிறையப் பேருக்கு வரும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இல்லை என்று சொன்ன பிறகும் அவர் ஏன் அதை விளக்கினார் என்பதுதான் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் முள்ளாக உறுத்திற்று. ஏனென்றால் தெரிந்தது. முதலில் வீட்டில், குளியலறைக்குப் போகிற வழியில், துணி காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில். சாம்பல் நிறச் சட்டை. முகம் என்று ஒன்றும் இல்லை, முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் இருந்தது. சத்தம் இல்லை. சட்டென்று திரும்பினால் கொடியும் மனைவி செண்பகத்தின் புடவையும்தான். பிறகு ஒர்க் ஷாப்பில், லேத் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, தோளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அழுத்தம். திரும்பினால் பையன்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வகுப்பில் இன்னும் மோசம். வருகைப்பதிவு எடுக்கும்போது காலியான பெஞ்சிலிருந்து குரல் வந்தது. தெளிவாக, யெஸ் சார் என்று. பெஞ்சில் யாருமில்லை. அன்றைக்கு வருகைப்பதிவைப் பாதியில் மூடி வைத்தார். அடுத்த நாளிலிருந்து காலிப் பெஞ்சின் குரல்களை நம்புவதில்லை என்று முடிவு செய்து, பார்த்த முகங்களுக்கு மட்டும் வருகை போட்டார். பிள்ளைகள் வந்து நின்று, சார் நான் இருந்தேன் சார் என்றார்கள். இருந்திருப்பார்கள். இல்லாமலும் இருந்திருப்பார்கள். யாரைக் கேட்பது. செண்பகத்திடம் கண்ணாடியின் பவர் மாறியிருக்கிறது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டே, அப்போ நல்ல டாக்டராப் பாருங்க என்றாள். மாத்திரைகள் பைக்கின் பெட்டிக்குள், துடைக்கிற துணிக்கு அடியில். பைக்கில்தான் இன்னும் வருகிறார். இடது பக்கம் ரோட்டோரம்தானே, வண்டிகள் எல்லாம் வலது பக்கம்தானே வரும் என்று ஒரு கணக்கு. ஆனால் ஆடுகள் ரோட்டோரத்திலிருந்துதான் வரும். போன வாரம் பணகுடிக்குப் பிரிகிற விலக்கில் ஒரு வெள்ளாடு எங்கிருந்தும் வராமல் நேராகச் சக்கரத்துக்கு முன்னால் முளைத்தது. அதன் கண்ணைக்கூடப் பார்த்தார். ஆடு குதித்துப் போய்விட்டது. அது ஆடு. அதன் பின்னால் மேய்க்கிற பிள்ளை வந்திருந்தால்.

மஞ்சள் ஓடு நின்றுவிட்டது. காலை முன்னால் நீட்டினால் சுவர். கையை நீட்டினால் சுவர். பாதத்தால் வழி அறிகிறவனை நேராகச் சுவருக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். பதித்தவனுக்கு ஓடு அத்தோடு தீர்ந்திருக்கும், போட்டோவுக்கு அது போதும். இதை வகுப்பில் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தபடி திரும்பினார், திரும்பியதும் எது எந்தப் பக்கம் என்பது போய்விட்டது. அந்தக் கை கொஞ்சம் இழுத்தது. அதன் இழுப்பில் போனார். வெயில் முகத்தில் அடித்தது, முற்றத்துக்கு வந்துவிட்டார்கள் போல. காற்று சட்டையைப் பிடித்து உலுக்கியது. அப்போதுதான், துணிக்கு உள்ளே, கண்ணை இறுக மூடியிருந்த இருட்டில், இடது பக்கத்தில் அந்த ஆள் வந்து நின்றான். வெளிச்சமே தேவைப்படாதவன். சாம்பல் சட்டை, மடித்துவிட்ட கை, முகம் இருக்க வேண்டிய இடம். கண் திறந்திருக்கும்போது திரும்பினால் போய்விடுவான். இப்போது எங்கே திரும்புவது, கண் மூடியிருக்கிறதே, தலையைத் திருப்பினால் அவனும் கூடவே திரும்புகிறான். முழங்கையில் இருக்கிற கை அவனுடைய கையாக இருக்கிற தூரத்தில்தான் அவன் நின்றான். மூளை வரைகிற படத்துக்குக் கை கிடையாது, ஈரம் கிடையாது, அது எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் கை இருந்தது. ஈரமும் இருந்தது. துணியை அவிழ்த்துவிடலாம். ஒரு விரல் போதும். ஆனால் அவிழ்த்துவிட்டு இடது பக்கம் பார்த்தால் என்ன தெரியும், ஒன்றும் தெரியாது, யாரும் இல்லாத வெயில்தான் தெரியும், அப்போது கை மட்டும் முழங்கையில் இருக்கும். அதைவிட இது மேல். கண்ணில் துணி இருக்கிறவரை தெரியாததற்குக் காரணம் துணிதான். அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்த வகுப்பில் இன்றைக்குப் பாதிப் பேருக்கு உலகமே இல்லை, யாரும் யாரையும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

அந்த ஆறுதலில்தான் பேச ஆரம்பித்தார் என்று பிறகு தோன்றியது. யாரிடம் பேசுகிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது. வழிகாட்டுகிற பிள்ளையிடமா, சாம்பல் சட்டைக்காரனிடமா, வித்தியாசம் அந்த இடத்தில் கிடையாது. நடந்துகொண்டே, மெதுவாக, ஏதோ பாடம் எடுக்கிற குரலில் சொன்னார். எனக்கு இடது பக்கம் பார்வை போய்விட்டது, கண்ணில் இல்லை, தலைக்குள், ஆனி மாதத்திலிருந்து, வீட்டுக்காரிக்குத் தெரியாது, கல்லூரியில் தெரிந்தால் ஒர்க் ஷாப் பக்கம் விடமாட்டார்கள், விடாவிட்டால் பராமரிப்பு எடுக்கிறவன் எதற்கு, இன்னொரு தடவை வந்தால் பேச்சு போகலாம், கை போகலாம் என்றார் டாக்டர், காலையில் எழுந்ததும் முதல் வேலையாக என் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன், நாக்கு சரியாக இருக்கிறதா என்று. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கடைசியாக, “நீ எப்பப் பாத்தாலும் இந்தப் பக்கம் வந்துதான் நிக்கே. உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். குரல் கெஞ்சலாக வந்தது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை. முழங்கையில் இருந்த கை விட்டுவிட்டது. உடனே நெஞ்சின் நடுவில், பலமாக, ஓர் உள்ளங்கை வந்து தடுத்து நிறுத்தியது. எடுத்து வைக்கப்போன கால் அந்தரத்தில் நின்றது. அதைப் பின்னால் ஊன்றினார். உள்ளங்கையும் போய்விட்டது.

இப்போது யாருமில்லை. காற்று மட்டும். முன்னால் எங்கோ லேத் ஓடுகிற சத்தம், அதில் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, இறுக்கச் சொல்ல வேண்டும். அப்படியானால் ஒர்க் ஷாப் முன்னால் இருக்கிறது. அப்படியானால் முற்றத்தின் கடைசியில் நிற்கிறோம். பின் ஏன் தடுத்தது. முன்னால் சுவரா, தூணா. கையை நீட்டினார், ஒன்றும் தட்டுப்படவில்லை. காலை நீட்டப் பயமாக இருந்தது. ஈர மண்ணின் வாடை வந்தது, வெயிலில் காய்ந்து கிடக்கிற முற்றத்தில் ஈர மண் ஏன் மணக்க வேண்டும். கீழேயிருந்து வருகிற வாடை. ஆழத்திலிருந்து வருகிற வாடை. சாம்பல் சட்டைக்காரன் இடது பக்கம் அசையாமல் நின்றான், எதற்கோ காத்திருப்பவன் போல. ஒருவேளை அவன் வழி காட்டுகிறவன் இல்லை, கூட்டிக்கொண்டு போகிறவன். கூப்பிடலாம். யாரையாவது கூப்பிடலாம். வாயைத் திறந்தார், எந்தப் பெயரும் வரவில்லை, தன் பெயராவது வருகிறதா என்று சோதித்தார், பிரம என்று ஆரம்பித்து நின்றது, நாக்கு தடித்துப்போனதா, வெறும் பயமா, இதுதான் அந்த இன்னொரு தடவையா. பிரமநாயகம் என்றார். முழுதாக வந்தது. மறுபடி சொன்னார். மறுபடியும் வந்தது. பிறகு கையைத் தூக்கித் துணியை இழுத்து நெற்றிக்கு மேல் ஏற்றினார்.

வெயில் கண்ணில் குத்தியது. எதிரே ஒர்க் ஷாப்பின் பச்சைக் கதவு. காலடியில், வலது பெருவிரலுக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி வலப்பக்கமாக நீண்டு, ஆளுயரத்துக்கு ஒரு பள்ளம். கேபிள் மாற்றுவதற்காகச் சிமெண்ட் மூடிகளைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். கீழே கம்பிகளும் சேறும். காலையில் இந்த வழியாகத்தான் உள்ளே போனார். எதிர்த்திசையில் போனதால் இது அப்போது இடது பக்கம் இருந்திருக்கிறது. விளிம்பை உரசிக்கொண்டு போயிருக்கிறார், தெரியவே இல்லை. முற்றம் முழுக்கப் பார்த்தார். யாருமில்லை. தன்னைத் தடுத்த கை எதனுடையது. அப்போது, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து, மிகக் கிட்டத்தில், குரல் வந்தது. “சார், அசையாதிய. இங்கனதான் நிக்கேன்.” அவர் கழுத்தைத் திருப்பினார். திருப்பத் திருப்ப அவள் உலகத்துக்குள் வந்தாள். முதலில் ஒரு தோள், பிறகு காற்றில் படபடக்கிற துப்பட்டா, பிறகு அழுது முடித்த ஒரு முகம். சுடலைவடிவு. வகுப்பில் எல்லோருக்கும் வடிவு. மெக்கானிக்கல் எடுத்த நாலைந்து பெண்பிள்ளைகளில் ஒருத்தி, அவருக்கு இடதுகோடி பெஞ்சு. போன மாதம், சார் நான் இருந்தேன் சார் என்று வந்து நின்றவள். துப்பட்டாவில் துடைக்கத் துடைக்க அவள் உள்ளங்கை வேர்த்து ஈரமாகிக்கொண்டிருந்தது. சாம்பல் சட்டைக்காரன் அவளுக்குப் பின்னால், இன்னும் இடதாக, எல்லைக்கு அப்பால் நகர்ந்துகொண்டான்.

அவர் பள்ளத்திலிருந்து ஓரடி பின்னால் வந்தார். ஆபத்து வந்தால் பேசலாமே, ஏன் பேசவில்லை என்று கேட்டார். நீங்க சொன்னதக் கேட்டதும் அழுக வந்துட்டு சார், சத்தம் வெளிய வந்துரக் கூடாதுன்னு ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டேன் என்றாள். பிறகு, அவரைப் பார்க்காமல், காற்றாலைகளின் பக்கமாகப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எங்க பெஞ்சு உங்களுக்குத் தெரியலங்கது எல்லாருக்கும் தெரியும் சார். மொதல்ல எங்க மேல கோவம்னு நெனச்சோம்.” அப்புறம் ஒரு பையன் பாடம் நடக்கும்போது எழுந்து நின்று கையை ஆட்டிப் பார்த்திருக்கிறான். அவர் ஆடுகிற கையைக் கண்டுகொள்ளாமல் பேரிங்குக்கு உயவு எண்ணெய் இடுவது பற்றி நடத்திக்கொண்டே இருந்திருக்கிறார். முதலில் சிலர் சிரித்தார்களாம். கை ஆட்டியவன் சிரிக்கவில்லையாம். உட்கார்ந்ததும் அவன் முகம் வெளிறிப்போயிருந்ததாம். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சாரிடம் கேட்கவும் யாருக்கும் தைரியம் இல்லை. ஒர்க் ஷாப்பில் மெஷின் ஓடும்போது சாருக்கு இடது பக்கம் யாராவது ஒருத்தர் நின்றுகொள்வது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். சார் திரும்பினால் வேலை பார்ப்பது போல விலகிவிட வேண்டும். இன்றைக்கு ஜெபகனி மேடத்திடம் அவளே போய், நான் சாரோட போறேன், இடது கையைப் பிடிச்சுக்கிடுதேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள்.

பிரமநாயகம் அவளிடம், நிற்கிறவர்கள் என்ன சட்டை போட்டிருப்பார்கள் என்று கேட்டார். அவளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. ஒர்க் ஷாப் யூனிபார்ம்தான் சார், எல்லாருக்கும் சாம்பல்தானே என்றாள். அவருக்குள் ஏதோ ஒரு நட்டு கழன்று விழுந்து உருண்டு ஓடியது போல இருந்தது. லேத் பக்கத்தில் தோளை அழுத்தியது, பின்னால் வந்து நின்றது, திரும்பினால் கலைந்தது, எல்லாம் பிள்ளைகள். மாற்றி மாற்றி, வாரக்கணக்கில், அவருக்குச் சொல்லாமல். சிரிக்க வேண்டும் போலவும் ஓங்கி அறைய வேண்டும் போலவும் வந்தது. உட்கார வேண்டும் போல வந்தது. தூக்கி வைத்திருந்த சிமெண்ட் மூடி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். ஆனால் வீட்டில், கொடிக்குப் பக்கத்தில், செண்பகத்தின் புடவையோடு புடவையாக நின்றது எந்தப் பிள்ளை. அதை இவளிடம் கேட்க முடியாது. அது டாக்டர் சொன்ன படம். பிள்ளைகளைப் பார்த்து மூளை வரையக் கற்றுக்கொண்டதா, மூளை வரைந்த இடத்தில் பிள்ளைகள் வந்து நின்றார்களா, எது முந்தி எது பிந்தி என்று நினைக்கப் போய், எண்ணம் அதே இடத்தில் சுற்றியது, தேய்ந்த புரியில் திருகாணி சுற்றுவது போல, இறுகாமல், கழலாமல். படத்துக்கும் ஆளுக்கும் ஒரே சட்டை. இனிமேல் சாகிறவரை அந்தப் பக்கம் யார் நின்றாலும் அது ஆளாகவும் இருக்கலாம், படமாகவும் இருக்கலாம். கையை நீட்டித் தொட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி. தொட்டுப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முதலில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், தொடுகிற இந்த ஆள் யார், ஏன் தொடுகிறார் என்று.

வகுப்பிலிருந்து ஜெபகனியின் குரல் காற்றில் துண்டு துண்டாக வந்தது; திரும்பிய பிள்ளைகளிடம் மஞ்சள் ஓட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள், நடுவில் சங்கிலியும் வந்தது. அங்கே போனதும் அவரையும் கேட்பாள், சார் உங்களுக்கு எப்படி இருந்தது என்று. சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்குத் தெரிந்ததை அவர்களிடம் சொல்வதில் என்ன இருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொருத்திக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பைக் சாவியை எடுத்து வடிவிடம் நீட்டி, வண்டியை இனி எடுக்கப்போவதில்லை, ஆபீஸில் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல் என்றார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அவருடைய இடது பக்கம் வந்து நின்றாள். நின்றதும் இல்லாமல் போனாள். அவர் போனை எடுத்துச் செண்பகத்தின் எண்ணைத் தேடினார். பெயரின் தலை தெரியாமல் ‘பகம்’ என்று மட்டும் இருந்தது. போதும், அழுத்தினார்.

இந்நேரம் அவளுக்கு வகுப்பு இருக்கும், ஆனாலும் எடுத்துவிட்டாள். பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டது. இந்நேரத்துக்கு அவர் கூப்பிட்டதே இல்லை என்பதால் என்ன என்று கேட்கிற குரலிலேயே பதற்றம் இருந்தது. அவர் பவர் இல்லை என்றார். என்ன பவர் என்றாள். கண்ணாடி பவர் இல்லை, கண்ணே இல்லை, தலையில், ஆனியில் வந்த தலைவலி தலைவலி இல்லை, இடது பக்கம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தேன், மாத்திரை சாப்பிடுகிறேன், வண்டியை இங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வருகிறேன், நீ பஸ் ஸ்டாண்டுக்கு வர முடியுமா என்று கேட்டார். மறுமுனையில் வாய்ப்பாடு நின்றுவிட்டது. அவள் தாழ்வாரத்துக்கு வந்திருப்பாள். அழவில்லை. ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை, அது பிறகு வரும், வருஷக்கணக்கில் வரும். பிறகு மிகவும் அடங்கிய குரலில், “இப்பக் கூட யாரு இருக்கா?” என்றாள்.

பிரமநாயகம் இடது பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே அங்கே சாம்பல் சட்டை தெரிந்தது, காற்றில் அது அசையவில்லை. முற்றத்துப் புழுதி பறந்துகொண்டிருந்தது. பச்சைக் கதவு அடித்துக்கொண்டது. அவர் இடது கையை மெல்ல நீட்டினார். காற்றைத் தாண்டி, அந்தச் சட்டையைத் தாண்டி நீட்டினார். ஈரமான ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டது.

“ஆள் இருக்கு” என்றார்.